மேற்படி மச்சம்

என் கையெழுத்தைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. பதினோராங்கட்டை ரப்பர்த் தோட்டத்தின் பெரிய துரைக்கு என்னைப் பிடிக்காது, ஆட்களை மேய்க்கும் மண்டோர்களுக்குப் பிடிக்காது, என் மனைவி எல்சிக்குக்கூட மாதத்தில் பாதி நாள் பிடிக்காது. ஆனால் ஆபீஸ் கணக்குப்பிள்ளையான இந்தக் கேப்ரியல் கிராணியின் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அந்த எழுத்துதான் என்னைப் பதினெட்டு மாதம் உள்ளே தள்ளியது. இப்போது நீலாய்ப் பக்கம் ஒரு மரவாடியில் மரங்களுக்கு நம்பர் போடுகிறேன். ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனி நம்பர். அதில் மட்டும் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று முதலாளி கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

கதை நடந்தபோது மலாய் நாட்டில் அவசர காலம் மூன்றாவது வருஷத்தில் இருந்தது. அவசரம் என்று பெயர் வைத்தவர்களுக்கு அதை முடிப்பதில் மட்டும் அவசரமில்லை. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்குத் தோட்டத்திலிருந்து அரிசி போகிறது என்று சர்க்காருக்குச் சந்தேகம். காட்டில் இருப்பவர்களை அடைக்க முடியாததால் வீட்டில் இருப்பவர்களை அடைத்தார்கள். எங்கள் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது. ஒரே ஒரு கேட். போகும்போது ஒரு சோதனை, வரும்போது ஒரு சோதனை. வேலிக்குள் குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பாஸ் தரவேண்டும், அதற்கு முதலில் பதிவேடு எழுதவேண்டும் என்று உத்தரவு. பெயர், வயது, லயத்து நம்பர், உடம்பில் அடையாளக் குறி. மொத்தம் இருநூற்று எண்பத்தாறு பேர். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்கவேண்டும் என்று பெரிய துரை சனிக்கிழமை காலையில் சொன்னார்.

வரிசையில் முதல் ஆள் முருகையா. பால் மரம் வெட்டுகிறவர், நாற்பது வயதிருக்கும், எதற்குக் கூப்பிட்டாலும் முதலில் வந்து நிற்கிற சுபாவம். சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றார். நானும் எழுந்து போய், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மனசாட்சியோடு பார்த்தேன். இடது தோள்பட்டையின் பின்பக்கம், பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தூக்கும் காண்டாக் கம்பு உரசுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்பு மச்சம். அதை அப்படியே எழுதினேன்.

"மச்சக்காரர்தான் நீங்க" என்றேன்.

"எங்கங்கய்யா. மச்சம் முதுகுல இருக்கு. அதிர்ஷ்டமும் பின்னாலயே நின்னுக்கிச்சு போல."

அடுத்தது அவர் மனைவி பஞ்சாலை. அடையாளக் குறி ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

"இருக்கு. எங்க இருக்குன்னு ஒங்ககிட்ட சொல்ல முடியாது" என்றாள். அவளே வழி சொன்னாள். "புருசன் பேரு எழுதிட்டீங்க. வீட்டு நம்பரு அதே நம்பருதான். மச்சத்தையும் அதையே போட்டுக்குங்க லா."

நியாயமாகத்தான் பட்டது. முருகையாவின் மச்சத்துக்குக் கீழே 'மேற்படி' என்று எழுதினேன். மூன்றாவதாக வந்தவர் மண்டோர் வீரமுத்து. சட்டையைக் கழற்றச் சொன்னதும் அவர் முகம் சிவந்தது. "பத்தொம்பது வருசமா மண்டோரு. எனக்கு அடையாளம் வேணுமா?" என்றார். மேற்படி. நான்காவது ஆளின் முதுகில் இருந்த தழும்புகளில் எதை எழுதுவது என்று தெரியவில்லை. மேற்படி. அதற்குப் பிறகு பேனாவுக்கே வழி பழகிவிட்டது. ஞாயிறு பூசைக்குப் போகும் முன் இருநூற்று எண்பத்தாறாவது வரியையும் முடித்துவிட்டேன். அது என் வரி. எனக்கும் மேற்படி.

பதிவேடு டவுனுக்குப் போனது. அங்கே பாஸ்களை டைப் அடித்தவர் பொறுப்பான மனிதர். தனித்தனி பாஸில் மேலே ஒன்றுமில்லாதபோது மேற்படி என்று எப்படிப் போடுவது? எல்லாவற்றையும் விரித்தே அடித்துவிட்டார். ஆக, முருகையாவின் ஒற்றை மச்சம் ஆறு மாதக் கைக்குழந்தையிலிருந்து தோட்டத்துக் கோயில் பண்டாரம் வரை இருநூற்று எண்பத்தாறு பேருக்கும் பரவிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. கேட்டில் நிற்பவர்கள் ஒரு நேரத்தில் ஒரு பாஸைத்தான் பார்ப்பார்கள். அதிலும் அடையாளக் குறி வரை யாரும் படிப்பதில்லை.

அடுத்த வருஷம் முருகையா இளைக்க ஆரம்பித்தார். முதலில் களைப்பு, பிறகு இடுப்பிலும் விலாவிலும் வலி, பிறகு பல் ஈறில் இரத்தம். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் திருநாவுக்கரசிடம் மூன்று புட்டிகள் இருந்தன. காய்ச்சலுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, சோம்பேறித்தனத்துக்கு ஒன்று. மூன்றாவதுதான் ரொம்பக் கசக்கும். முருகையாவுக்கு மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். மரத்தடியிலேயே முருகையா இரண்டு முறை மயங்கி விழுந்த பிறகுதான், இது சோம்பேறித்தனம் இல்லை என்று அவருக்குச் சந்தேகம் வந்தது.

டவுன் ஆஸ்பத்திரிக்கு லோரியில் கொண்டுபோனோம். பஞ்சாலையும் கூட வந்தாள். இங்கிலீஷ் பேச ஆள் வேண்டும் என்பதால் பெரிய துரை என்னையும் கூட அனுப்பினார். அங்கே டாக்டர் லிம் என்று ஒரு சீனர். ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. முருகையாவின் நெஞ்செலும்பில் ஊசியைச் செலுத்தி உறிஞ்சினார். சிவப்பாக வரவேண்டியது மை கலந்த மாதிரி வந்தது. அதைக் கண்ணாடிச் சில்லில் தடவிப் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்து என்னை உட்காரச் சொன்னார்.

மச்சத்துக்குக் கறுப்பு நிறம் தருகிற அணுக்கள் இருக்கின்றனவாம். எங்கோ ஒரு மச்சம் புற்றாக மாறி, அந்த அணுக்கள் இரத்தத்தோடு கிளம்பிப் போய் எலும்புக்குள் மஜ்ஜையில் குடியேறிவிட்டன. இரத்தம் ஊறவேண்டிய இடத்தில் இப்போது அவைதான் நிறைந்திருக்கின்றன. இதைத் தமிழில் சொல்லுங்கள் என்றார். நான் எத்தனையோ நோட்டீஸைத் தமிழ்ப்படுத்தியவன். அன்றைக்கு என் வாயில் வந்தது இதுதான்:

"ஐயா, ஒங்களுக்கு ஒடம்பெல்லாம் மச்சமாம்."

முருகையா சிரித்துவிட்டார். நம் ஊரில் யாரைப் பார்த்து அப்படிச் சொல்வோம்? லாட்டரி விழுந்தவனைப் பார்த்துத்தானே. "இத சொல்லவா என்னைய இம்புட்டுத் தொலைவு கூட்டியாந்தீங்க?" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். எத்தனை நாள் என்று கேட்டார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மருந்து இல்லை, சில வாரங்கள்.

"அப்ப வீட்டுக்குப் போயிரலாம்" என்றார். "இங்க கட்டில் ஒசரமா இருக்கு. விழுந்துருவேன்னு பயமா இருக்கு."

அவர் கேட்டது அது ஒன்றுதான். தன் லயத்தில், தன் பாயில் சாகவேண்டும். ஆனால் டாக்டர் லிம் இரண்டு நாள் விடவில்லை. இந்த நோய் ஒரு மச்சத்தில்தான் தொடங்கும், அந்த மச்சம் எங்கே என்பது அவர் கேள்வி. தலையை மழித்துப் பார்த்தார். விளக்கைப் பிடித்துக் கண்ணுக்குள் பார்த்தார். கால் விரலிடுக்கு, நக அடி, வாய் என்று ஒன்றையும் விடவில்லை. போலீஸ் எங்கள் லயங்களைச் சோதித்தபோதுகூட இவ்வளவு பொறுமையைக் காட்டவில்லை. எங்கும் இல்லை. இடது தோள்பட்டைக்கு வந்ததும் நின்றார். அங்கே மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெளுத்த புள்ளி. இது என்ன என்றார்.

"கம்பு உரசிய தழும்பு, சார்" என்றேன்.

டாக்டர் விடாமல், இந்த இடத்தில் எப்போதாவது கறுப்பு மச்சம் இருந்ததா என்று முருகையாவின் முதுகைப் பார்த்திருக்கக்கூடிய பஞ்சாலையைக் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"இருந்துச்சே. நீங்கதானே பாத்து எழுதுனீங்க" என்றாள் பஞ்சாலை. "பொறவு தானா வெளுத்துப்போச்சு. நல்லதுக்குன்னு நெனச்சேன்."

இதை டாக்டரிடம் சொன்னால் என்ன ஆகும்? எழுதியது எங்கே என்பார். பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்வார். முதல் வரியைப் பார்த்தவர் இரண்டாவது வரியைப் பார்க்காமல் இருப்பாரா? அவசர காலப் பதிவேட்டில் பொய் எழுதியவனை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று பேச்சு. நான் பிறந்தது சிரம்பானில், இந்தியாவைக் காலண்டரில்தான் பார்த்திருக்கிறேன். சொன்னாலும் முருகையா பிழைக்கப்போவதில்லை, பிறகு எதற்கு என்று என் மனது எனக்கே வக்கீலாக வந்து வாதாடியது.

"இல்லையாம், சார்" என்றேன். "பிறந்ததிலிருந்தே மச்சம் எதுவும் கிடையாதாம்."

பஞ்சாலைக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் டாக்டரிடம் சொன்னதற்கு அவளும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் இன்றைக்கும் என்னை அறுக்கிறது. டாக்டர் பெருமூச்சு விட்டு, டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதினார்: உடம்பில் எங்கும் மச்சம் இல்லை. நோய் தொடங்கிய இடம் தெரியவில்லை.

அந்தச் சீட்டோடு பதினோரு மணிக்குத் தோட்டத்து கேட்டுக்கு வந்தோம். காவலில் இருந்தவர் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் யூசோப். முருகையாவின் சர்க்கார் அடையாளக் கார்டில் இருந்த படத்தைப் பார்த்தார், லோரியில் கிடந்தவரைப் பார்த்தார். படத்தில் கன்னம் இருந்தது. சந்தேகம் வந்தால் பாஸில் உள்ள அடையாளக் குறியைப் பார்க்கவேண்டும் என்று புதிதாக வந்திருந்த போலீஸ் துரை உத்தரவு போட்டிருந்தார். யூசோப் பாஸை எழுத்துக்கூட்டிப் படித்தார். கறுப்பு மச்சம், இடது தோள்பட்டை. பிறகு ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்தார். உடம்பில் எங்கும் மச்சம் இல்லை. டாக்டரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"தாஹி லாலாட் மானா?" என்றார். மச்சம் எங்கே என்று அர்த்தம். மலாய்க்காரர்கள் மச்சத்தை ஈ எச்சம் என்பார்கள். என் பதிவேட்டுக்கு அது பொருத்தமான பெயர்தான்.

"யூசோப், ஒங்களுக்கு இவரத் தெரியாதா? தினமும் காலையில பாக்குறீங்களே."

"எனக்குத் தெரியும் லா, கிராணி. இது முருகையா. ஆனா கெர்த்தாஸுக்குத் தெரியாதே." கையிலிருந்த காகிதத்தை ஆட்டிக் காட்டினார். "உள்ள விட்டா என்னைய உள்ள வெச்சுருவாங்க. துரை மூணு மணிக்கு வருவாரு. காத்திருங்க."

லோரியின் பின்பக்கத்தில் நிழல் இல்லை. முருகையா கண்ணை மூடிக் கிடந்தார். பஞ்சாலை தன் சேலைத் தலைப்பை அவர் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் முப்பது அடியில் அவர் வீட்டுக் கதவு தெரிந்தது. நான் வாயைத் திறந்தால் போதும். பதிவேடு பொய், நான் எழுதிய பொய் என்று சொன்னால் போதும். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பஞ்சாலை என் சட்டைப் பையைப் பார்த்தாள். "எழுதுனது நீங்கதானே" என்றாள் தாழ்ந்த குரலில். "மறுபடி எழுதிருங்க. இருந்த எடத்துலயே எழுதுங்க."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் பேனாவை எடுத்தேன். யூசோப் அதைப் பார்த்தார். பிறகு லோரியின் முன் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போனவர் வெகு நேரம் அங்கேயே குனிந்திருந்தார். முருகையாவைப் பக்கவாட்டில் திருப்பி, அந்த வெளுத்த புள்ளியின் மேல் மையை வைத்தேன். தோல் சுட்டது. இரக்கத்தால் செய்தேன் என்று எழுத ஆசைதான். பாதி இரக்கம், பாதி பயம். எது பெரிய பாதி என்று எனக்குத் தெரியும்.

மூன்று மணிக்குப் போலீஸ் துரை வந்து குனிந்து பார்த்தார். மச்சம் இருந்தது. அவருக்குப் பரம திருப்தி. ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து, கண் தெரியாதவர்களையெல்லாம் டாக்டராக வைத்திருக்கிறார்கள் என்றார். என் கையைக் குலுக்கி, இவ்வளவு சரியான பதிவேட்டை மாநிலத்திலேயே பார்த்ததில்லை என்றார். அந்தச் சந்தோஷத்தில் இன்னொன்றும் சொன்னார். திங்கட்கிழமை காலைப் பெரட்டில், ஆட்களை எண்ணும்போதே, ஆண்கள் எல்லோருடைய அடையாளக் குறியையும் தானே வந்து சரிபார்ப்பாராம்.

முருகையா தன் பாய்க்குப் போய்ச் சேர்ந்தார். எனக்குத் தூக்கம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் ஆபீஸ் வாசலில் ஆண்கள் வரிசையாக, சட்டையில்லாமல் நிற்கிறார்கள். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆபீஸில் தோட்டத்து வரைபடம் போட வைத்திருந்த அழியாத கறுப்பு மையை எடுத்தேன். நூற்று நாற்பத்தொரு தோள்கள். மண்டோர் வீரமுத்து இந்தத் தடவை சட்டையைக் கழற்ற அலுத்துக்கொள்ளவில்லை. "கொஞ்சம் பெருசாப் போடுங்க கிராணி, நான் மண்டோரு" என்றார். கடைசியில் எல்சியைக் கூப்பிட்டு என் தோளிலும் வைக்கச் சொன்னேன். அவள் மனம் வெறுத்துப்போய்க் குத்திய குத்தில் அந்த இடம் இரண்டு நாள் வலித்தது.

திங்கட்கிழமை பெரட்டில் துரை ஒவ்வொரு தோளாகப் பார்த்துக்கொண்டே போனார். நூற்று நாற்பத்தொரு பேருக்கும் ஒரே இடத்தில் ஒரே மச்சம். இத்தோடு பிடிபட்டோம் என்று நினைத்தேன். துரை கடைசி ஆள் வரை பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, வியப்போடு என்னிடம் கேட்டார்: "உங்கள் இனத்தில் எல்லோருக்குமே இது உண்டா?"

"உண்டு, சார்" என்றேன். வேறு என்ன சொல்ல?

தென்னிந்தியத் தொழிலாளருக்கு இடது தோள்பட்டையில் பிறவிக் கறுப்பு மச்சம் உண்டு என்று ரிப்போர்ட் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். ஒரு நகல் ஆஸ்பத்திரிக்கும் போனது. கண்ணெதிரே இருந்த மச்சத்தைப் பார்க்கத் தவறியதற்கு விளக்கம் கேட்டிருந்தாராம். டாக்டர் லிம் அதைப் படித்துவிட்டு விளக்கம் எழுத உட்காரவில்லை. மச்சத்தில் தொடங்கும் புற்று ஒருவருக்கு வந்திருக்கிறது, அதே தோட்டத்தில் நூற்று நாற்பத்தொரு பேருக்கு ஒரே இடத்தில் மச்சம் முளைத்திருக்கிறது. அந்த மனிதருக்குக் கை கால் ஓடவில்லை. வியாழக்கிழமை காலை புறப்பட்டு வந்துவிட்டார். காட்டில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள்; டாக்டரும் சீனர் என்பதால் அவரைக் கேட்டில் இரண்டு முறை சோதித்து, போலீஸ் துரையே கூட்டிக்கொண்டு வந்தார்.

முருகையா அன்று விடியும்போது இறந்துபோயிருந்தார். நாங்கள் போனபோது குளிப்பாட்டி முடித்து, பாயில் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தோளில் என் மச்சம் இல்லை. நான் பதறிப் பஞ்சாலையைப் பார்த்தேன்.

"நாந்தான் தேச்சுக் கழுவுனேன்" என்றாள். "இனிமே போற எடத்துல யாரும் பாஸ் கேக்க மாட்டாங்க."

துரை வாசலிலேயே நின்று, மச்சம் எங்கே என்றார். டாக்டர் லிம் மண்டியிட்டு அந்த வெளுத்த புள்ளியை விரலால் தடவிப் பார்த்தார். அன்று பார்த்த அதே புள்ளிதான். பிறகு நிமிர்ந்து, அன்று கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். இந்த இடத்தில் எப்போதாவது கறுப்பு மச்சம் இருந்ததா? நான் தமிழில் கேட்டேன்.

பஞ்சாலை என்னைப் பார்த்தே பேசினாள். "அன்னைக்கே சொன்னேனே. இருந்துச்சு. கிராணி ஐயா கண்ணால பாத்து எழுதுனாரு. பொறவுதான் வெளுத்துச்சு. ஆஸ்பத்திரில கேட்டப்பவும் இதத்தான் சொன்னேன். நீங்க அவருகிட்ட சொல்லலியா?"

அந்த அறையில் இரண்டு பாஷையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பாயில் கிடந்தவரைப் பார்த்தேன். அந்த வேலிக்குள் நான் ஒருவருடைய உடம்பைத்தான் ஒழுங்காகப் பார்த்திருந்தேன். அந்த ஒருவருக்குத்தான் அப்படி எதுவும் இருந்ததே இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தேன். அவள் சொன்னதை ஒன்றுவிடாமல், அவள் சொன்ன வரிசையிலேயே, கடைசிக் கேள்வி வரைக்கும் இங்கிலீஷில் சொன்னேன்.

"அப்படியானால் திங்கட்கிழமை நான் பார்த்தது என்ன?" என்றார் துரை. பையிலிருந்து பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதன் மூடியைத் திறந்து பார்த்தார்.

டாக்டர் லிம் என்னைத் திட்டவில்லை. தன் காகிதத்தை எடுத்து, 'தெரியவில்லை' என்பதை அடித்துவிட்டு 'இடது தோள்பட்டை, தானே மறைந்தது' என்று எழுதினார். அதற்குக் கீழே, முன்பு கண்டவர் பெயர் என்று ஒரு வரி போட்டு, என் பேனா துரையிடம் இருந்ததால், தன் பேனாவை என்னிடம் நீட்டினார். முழங்காலில் வைத்து என் முழுப் பெயரையும் எழுதினேன்.

பழகாத பேனாவில் எழுத்து கோணிப்போயிற்று. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, படிக்க முடியவில்லை, இன்னொரு முறை எழுதுங்கள் என்றார்.